வெள்ளிக்கிழமைக்கு ஒரு வட்டம்!

ஒரு சின்ன பரீட்சை. உங்க வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கடைசியா எந்தத் தேதியில வந்தது? கரன்ட் பில் கட்டக் கடைசி நாள் எது? தாத்தாவோட திதி இந்த வருஷம் இங்கிலீஷ் தேதிப்படி என்னிக்கு?

மூணுக்கும் டக்கென்று பதில் சொல்லிவிட்டால் நீங்கள் இதைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தைத் திருப்பி ஜோக்ஸ் படிக்கலாம். 'இருங்க சார், வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்று செல்போனைத் தேடுகிறவர்கள் மட்டும் கூட வரலாம்.

நம்ம ஆபீஸ் ஆசாமிகளைப் பாருங்கள். மீட்டிங், ரிவ்யூ, ஆடிட், மேனேஜரின் மச்சினன் கல்யாண ரிசப்ஷன் எல்லாத்துக்கும் செல்போன் காலண்டரில் மணி அடிக்க ஏற்பாடு உண்டு. வீட்டு விஷயத்துக்கு மட்டும் ஒரே ஒரு காலண்டர்தான். அது சமையலறையில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருக்கும்!

மத்திய அரசு 2019-ல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய், யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவழிக்கிறார்கள். அதே வேலையில் கை வைக்கிற ஆண்கள்? 97 நிமிஷம். அந்தக் கணக்கெடுப்பின் பட்டியலில், வீட்டுக் காரியங்களைத் திட்டமிடுவதற்கும் தனியாக ஒரு இனம் இருக்கிறது. ஆனால் அரிசி களைந்துகொண்டே 'நாளைக்குப் புதன்கிழமை, குழந்தைக்கு ஊசி' என்று நினைத்துக்கொள்கிற அரை நிமிஷத்தை எந்த அதிகாரி வந்து எழுதிக்கொள்வார்?

இந்த விஷயத்துக்கு ஒடுகத்தூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா. ஜவ்வாது மலை வந்து இறங்குகிற அடிவாரம். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மேலே இருக்கிற மலைக் கிராமத்து ஜனங்களுக்குக் கீழே இறங்கினால் இதுதான் டவுன். இந்த ஊரில் ஒரு வாரம் என்பது ஞாயிறில் தொடங்குவதில்லை. திங்களிலும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் தொடங்கி, அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் முடிகிறது. விடிகிறதுக்கு முன்னாடியே 'மே... மே...' சத்தம் ஊரை எழுப்பிவிடும். வண்டியில் வருகிறது, கயிற்றில் வருகிறது, சில சமயம் குட்டி தோளில் வருகிறது. லட்சக்கணக்கில் பணம் கை மாறுகிறது. ராகு காலம் வெள்ளிக்கிழமையில் பத்தரை டு பன்னிரண்டு. அதுக்கு முன்னாடியே பெரிய பேரமெல்லாம் முடிந்துவிட்டால் வியாபாரிக்கு ஒரு திருப்தி.

(ராகு காலம் என்றதும் ஒரு சந்தேகம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை டு ஒன்பது. அதாவது தமிழ்நாட்டு ஆபீஸ் ஊழியர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்தின் முதல் நாள் கிளம்புகிற நேரம். அப்புறம் வாரம் எப்படி விளங்கும் என்கிறீர்கள்!)

இந்தச் சந்தையை ஓட்டுவது ஒரு காலண்டர் இல்லை, மூன்று. ஆடி மாசம் அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல், கிடா வெட்டு என்று ஆட்டுக்கு நல்ல கிராக்கி. புரட்டாசி பிறந்தால் பாதி ஊர் சைவம், விலை இறங்குகிறது. தீபாவளிக்கு ஏறுகிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் மறுபடி டல். பொங்கலுக்கு மீண்டும் ஜோர். இதெல்லாம் தமிழ்க் காலண்டர். பக்ரீத் பிறைக் கணக்கு. வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னாடி நகர்ந்துகொண்டே வரும். 2023-ல் ஜூன் 29, 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7. குர்பானி ஆட்டுக்கு ஒரு வயசு நிறைந்திருக்கவேண்டும். அதாவது போன பக்ரீத்துக்கு முன்னாடியே பிறந்திருக்கவேண்டும். ஆட்டுக்குச் சினைக் காலம் ஐந்து மாசம். ஆக, இந்தப் பக்ரீத்துக்கு விற்கிற கிடாவுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே பிளான் போட்டாக வேண்டும். நம்ம ஐந்தாண்டுத் திட்டமெல்லாம் எந்த மூலைக்கு! மூணாவது, ஸ்கூல் திறக்கிற ஜூன் மாசம், சம்பள நாள், லோன் தேதி என்று இங்கிலீஷ் காலண்டர்.

ஒடுகத்தூரில் ஒரு கூட்டுக் குடும்பம். பெயர் வேண்டாம் என்றார்கள். மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூத்தவருக்கு எட்டாவது படிக்கிற பையனும் மூணாவது படிக்கிற பெண்ணும், இளையவருக்கு ஒரு கைக்குழந்தை. இரண்டு பசு, இருபது ஆடு. மூத்தவர் வேலூரில் ஒரு தனியார் ஆபீஸுக்குத் தினம் பஸ்ஸில் போய் வருகிறார். இளையவர் ஆடு, சந்தை. மூத்த மருமகள் தையல் மெஷின் வைத்திருக்கிறார். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவரும் அவர்தான். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்துத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய அதே குழு ஏற்பாடுதான். மாசாமாசம் தேதி தவறாமல் சேமிப்பும் தவணையும் கட்டியாக வேண்டும்.

2023 மழைக்காலத்தில் மூத்த மருமகளுக்கு டெங்கு. வேலூரில் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம் இரண்டு வாரம் அம்மா வீட்டில் ஓய்வு. மொத்தம் மூன்றே வாரம். வீடு கவிழ்ந்துவிட்டது.

முதலில் கரன்ட் போனது. கணக்கெடுத்த நாளிலிருந்து இருபது நாளுக்குள் கட்டவேண்டியதை யாரும் கட்டவில்லை. ஒருத்தர் கட்டியிருப்பார் என்று இன்னொருத்தர் நினைத்திருக்கிறார். அப்புறம் பசு. சினை ஊசி போட்ட பசுவை 21-வது நாள் கவனிக்கவேண்டும். மறுபடி பருவத்துக்கு வந்தால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம், உடனே திரும்ப ஊசி போடவேண்டும். ஊசி போட்ட தேதி மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். அவரோ டிரிப்ஸ் ஏறிக்கொண்டு படுத்திருக்கிறார். அந்த நாள் நழுவினால் இன்னும் 21 நாள் காத்திருக்கவேண்டும். தீவனம் தின்னும், பால் தராது. கைக்குழந்தைக்கு ஒன்பது மாசம் முடிந்து போடவேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். இரண்டு புதன் போயே போய்விட்டது. கிராம நர்ஸ் வீட்டுக்கே வந்து சத்தம் போட்ட பிறகுதான் ஓடியிருக்கிறார்கள்.

கடைசியாக வந்தது நகைக் கடன் நோட்டீஸ். ஆடு வாங்க அடகு வைத்திருந்த மூணு பவுன் சங்கிலி. வருஷக் கெடு முடிந்துவிட்டது. வட்டி கட்டி மாற்றி வைக்காவிட்டால் ஏலம்.

''அது எங்கம்மா போட்ட செயின் சார்'' என்கிறார் அந்த அக்கா. ''படுக்கையில இருந்துக்கினே போன் போட்டேன். அவரு இன்னா சொன்னார் தெரியுங்களா? 'எனக்கு யாரும் சொல்லலையே'ன்றார். யாரு சொல்லணும்? செவுரா சொல்லும்?''

கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளே இரண்டு ஆட்டைச் சந்தை நாள் வரைகூடக் காத்திருக்காமல் வந்த விலைக்குத் தள்ளி, வட்டியைக் கட்டிச் சங்கிலியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். புரட்டாசி மாசம். விலை என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுவரே சொல்லட்டும் என்று அப்புறம்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். நகைக்கடையில் கொடுத்த மாசக் காலண்டர் ஒன்று. பெரிய கட்டம் போட்டது. அதைச் சமையலறையில் மாட்டவில்லை பாருங்கள், அங்கேதான் அந்த அக்காவின் புத்தி! டி.வி.க்குப் பக்கத்தில் மாட்டினார். ''அடுப்பாண்ட மாட்னா நான் மட்டும்தான் பாப்பேன். இங்கன்னா கிரிக்கெட் பாக்கறவங்களும் பாத்துதானே ஆகணும்!''

பண விஷயம் சிவப்புப் பேனா. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நீலம். ஆடு மாடு பச்சை. வெள்ளிக்கிழமைகளுக்கு மொத்தமாக ஒரு வட்டம். அன்றைக்கு வேறு எந்த வேலையும் எழுதக்கூடாது. ஊசி போட்ட தேதியைப் பச்சையில் எழுதி, அப்போதே 21-வது நாளில் ஒரு பச்சைப் புள்ளி, 280-வது நாளில் கன்றுக்குட்டி படம். மார்ச் 1-ல் ஊசி என்றால் டிசம்பர் 6 வாக்கில் கன்று. படம் போடுகிற வேலை மூணாம் வகுப்புப் பெண்ணுடையது. சில கன்றுகள் நாய் மாதிரி இருக்கின்றன. பரவாயில்லை, புரிகிறது.

முக்கியமான விஷயம், கடைசித் தேதியை மட்டும் எழுதுவதில்லை. அதற்கு மூணு நாள் முன்னாடி ஒரு முக்கோணம். லோன் என்றால் ஒரு மாசம் முன்னாடியே முக்கோணம், ஏனென்றால் பணம் புரட்ட வெள்ளிக்கிழமைகள் வேண்டும். நகையை மூட்ட ஆட்டை விற்கிறதென்றால் புரட்டாசிக்கு முன்னாடி ஆடியிலேயே விற்கவேண்டும் என்பது இந்த வீட்டில் இப்போது பையனுக்குக்கூடத் தெரிகிறது. நான் பி.காம். படித்தபோது 'வொர்க்கிங் கேப்பிட்டல்' என்று ஒரு பாடம் தலையணை சைஸில் இருந்தது. விஷயம் இவ்வளவுதான்.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து. யார் செய்யவேண்டும் என்பதற்கு. இது இல்லாவிட்டால் காலண்டர் வெறும் அலங்காரம்தான் என்பது என் கட்சி. தேதி எல்லோருக்கும் தெரிந்து, ஆள் யாரென்று தெரியாத வீட்டில்தான் கரன்ட் போகிறது.

எடுத்த எடுப்பில் எல்லாம் சுபமாக நடந்துவிடவில்லை. முதல் மாசம் உற்சாகத்தில் அந்த அக்கா நாற்பதுக்கு மேல் குறிப்பு எழுதிவிட்டார். கோலமாவு வாங்கறது வரைக்கும்! காலண்டர் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தரும் பார்க்கவில்லை. அடுத்த மாசம், தவறினால் பணமோ உடம்போ நஷ்டமாகிற விஷயம் மட்டும் என்று குறைத்தார். பதினைந்துக்குள் அடங்கியது. இளையவர் முதலில் 'நம்ம மூஞ்சிக்கு இதெல்லாம் வேறயா' என்று கிண்டலடித்தவர். பசு சினை பிடித்த பிறகு பச்சைப் பேனா அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மாசப் பிறப்பன்று பையன் காலண்டரை ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறான். பஸ்ஸில் வேலூர் போகிற அப்பாவுக்கு அதுதான் தப்பிக்க முடியாத ஆதாரம்.

மாமியார் மட்டும் மாசக் காலண்டரை மதிப்பதில்லை. அவருக்கு முருகன் படம் போட்ட அட்டையில் தொங்குகிற தினசரித் தாள் காலண்டர்தான் காலண்டர். தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், சூலம், சந்திராஷ்டமம், கூடவே ராசிக்கு ஒரு வார்த்தை பலன். உள்ளங்கை சைஸ் தாளில் இவ்வளவையும் அடக்கி, 'ஜெயம்', 'கவலை' என்று ஒரே வார்த்தையில் தலையெழுத்தைச் சொல்ல சிவகாசிக்காரர்களால்தான் முடியும். அங்கே ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளிவந்து ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாம் டிசம்பர் 31-ம் தேதி மளிகைக் கடையில் 'அண்ணே, காலண்டர்' என்று பல்லிளிப்பதற்கு ஐந்து மாசம் முன்னாடி! மாமனாரின் திதி வளர்பிறையா தேய்பிறையா என்று பார்த்துச் சொல்வது மாமியாரின் இலாகா. அதை நீலத்தில் ஏற்றுவது பேரன்.

சும்மா சொல்லக்கூடாது, காலண்டர் குழப்பம் சர்க்காருக்கே இருந்தது. 1952-ல் விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். நாட்டில் சுமார் முப்பது விதமான காலண்டர் புழக்கத்தில் இருப்பதைக் கண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சிபாரிசு செய்தது அது. 1957 மார்ச் 22 முதல் அது தேசியக் காலண்டர். அரசிதழில் இன்றைக்கும் அந்தத் தேதி அச்சாகிறது. இன்று சக வருஷம் என்ன தேதி என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்! இதே ஜவ்வாது மலையில் காவலூரில், 1986-லிருந்து 2.3 மீட்டர் டெலஸ்கோப் வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள். அங்கேயும் எந்த ராத்திரி யாருக்கு என்று முன்கூட்டியே தேதி ஒதுக்கினால்தான் நட்சத்திரம். ஒடுகத்தூர் பையன் ஸ்கூல் டூரில் அங்கே போய் வந்திருக்கிறான். 'அங்கயும் நம்மள மாதிரி லிஸ்ட் போடறாங்க' என்று வந்து பாட்டியிடம் பெருமையடித்திருக்கிறான்.

கிழித்த தினசரித் தாள் எதுவும் அந்த வீட்டில் குப்பைக்குப் போவதில்லை. பின்பக்கம் பால் கணக்கு. வருஷம் முடிந்ததும் அட்டை பையனுக்குப் பரீட்சை அட்டை. மாசக் காலண்டருக்குக் கீழே ஒரு துணிப்பை தொங்குகிறது, அந்த அக்கா தைத்தது. நகைக் கடன் ரசீது, கரன்ட் அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, பசுவின் ஊசிச் சீட்டு எல்லாம் அதற்குள். 'எங்கே வச்சே?' என்ற கேள்வியே அந்த வீட்டில் இப்போது கிடையாதாம்.

ஜனவரி பிறந்ததும் புதுக் காலண்டரை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புகிறார்கள். மாமியார் திதி சொல்ல, பையன் எழுத, பெண் கன்றுக்குட்டி வரைய, இளையவர் பச்சைப் பேனாவோடு வெள்ளிக்கிழமைகளை எண்ண, ஓரகத்தி குழந்தையின் ஊசித் தேதிகளைப் படித்துக் காட்ட...

''உங்களுக்கு என்ன சார் வேலை?'' என்று மூத்தவரைக் கேட்டேன்.

''ஆணி அடிக்கறது'' என்றார்.

''போன வருஷ ஆணி அங்கயேதான கீது'' என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ''ஜனவரி கரன்ட் பில்லு உன் எழுத்துதான். மறந்துடாத!''