ஐந்தை எண்ணாதே, சொல்!

காலத்தை அளக்கும் கோலே தாளம். அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையில் பெரும்பாலும் நான்கு அடிகள் கொண்ட சுற்றே வழக்கம். அவ்வழக்கத்தை மீறி 1959-இல் டேவ் புரூபெக் குழுவினர் ‘டைம் அவுட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். அதில் பால் டெஸ்மண்ட் இயற்றிய ‘டேக் ஃபைவ்’ ஐந்து அடிகளில் நடப்பது. நான்கிலேயே பழகிய மாணவன் இதை வாசிக்கப் புகுந்தால் ஐந்தாம் அடியில் இடறுகிறான். ஆசிரியர் என்ன செய்யலாம்?

‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிக்கொண்டே இருப்பவனுக்கு எண் வரும், நடை வராது. எனவே ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரிக்க வேண்டும். கருவியைக் கீழே வைத்துவிட்டு, ‘தகிட தக, தகிட தக’ என வாயால் சொல்லி, ஒவ்வொரு பிரிவின் முதல் எழுத்திலும் கை தட்ட வேண்டும். நடை உடம்பில் ஊறிய பிறகே கருவி. அதே தட்டிலுள்ள ‘புளூ ரோண்டோ’ ஒன்பது அடிகள் கொண்டது. துருக்கித் தெருக் கலைஞரிடம் புரூபெக் கேட்ட தாளம் அது. மூன்று முறை ‘தக தக தக தகிட’. நான்காம் முறை ‘தகிட தகிட தகிட’. கூட்டினால் இரண்டும் ஒன்பதே, நடைதான் வேறு.

இச்சொற்கட்டுகள் நமது கொன்னக்கோல் தந்தவை. ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின், கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷுடன் சேர்ந்து இக்கலையைக் கற்பிக்கும் டிவிடி ஒன்றை 2007-இல் வெளியிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கடினமான பாடமெல்லாம் பரம்பரையாகப் படித்தவர்களுக்கே என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஐந்தை மூன்றும் இரண்டுமாக்கி நாவில் ஏற்றிவிடும் ஆசிரியர் அந்த அச்சத்தையே போக்குகிறார். பெரிய கணக்கைச் சிறு கணக்குகளாகப் பிரித்துத் தந்தால் யாரும் போடலாம். தாளமும் அப்படித்தான், நண்பர்களே!