ஒரே கோப்பு ஏன் இரண்டு இடங்களில்?

தமிழக அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்தான் காவாந்தண்டலம் போன்ற கிராமங்களில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். அதன் சி டிரைவ் நிறைந்துவிட்டால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளைக் கண்டு ஒன்றை அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள்.

64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டர் 64 பிட் நிரல்களுக்கு. சிஸ்வாவ்64 பழைய 32 பிட் நிரல்களுக்கு. பெயர் ஒன்று, உள்ளிருப்பது வேறு.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் இன்னும் சுவாரசியமானது. அங்குள்ள பல கோப்புகள் நகல்களே அல்ல, 'ஹார்ட் லிங்க்'குகள். ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் இருப்பதுபோல், டிஸ்கில் ஒருமுறை மட்டுமே உள்ள தரவுக்கு இரண்டு முகவரிகள். எக்ஸ்புளோரர் இரண்டையும் சேர்த்து எண்ணுவதால் ஃபோல்டர் பெரிதாகத் தெரிகிறது. ஒன்றை அழித்தால் இடம் மிஞ்சாது. அடுத்த அப்டேட் தடுமாறும்.

அழிக்க முயன்றால் அட்மினிஸ்டிரேட்டருக்கே ஏன் அனுமதி மறுப்பு? விஸ்டா காலத்திலிருந்து இக்கோப்புகளின் உரிமையாளர் 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற சேவை. உரிமையை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும்தான். ஆனால் நம் கணக்கில் நுழையும் வைரஸுக்கும் அதே கதவு திறந்துவிடும் என்பதால், அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இடம் வேண்டுமென்றால் 'டிஸ்க் கிளீனப்'பில் சிஸ்டம் கோப்புகளைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்துங்கள். கோப்பு கெட்டிருந்தால், அட்மினிஸ்டிரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எஃப்சி கட்டளையை 'ஸ்கேன்நவ்' தேர்வோடு ஓட்டுங்கள். கெட்டதை விண்டோஸே மாற்றிவிடும்.