கடலடிச் சேறு திருத்திய கணக்கு

பூமியின் காந்தப்புலம் பலமுறை தலைகீழாகப் புரண்டிருக்கிறது. அந்தக் காலங்களில் திசைகாட்டி ஒன்று இருந்திருந்தால், வடக்கைக் காட்ட வேண்டிய முள் தெற்கைக் காட்டியிருக்கும். 1906இல் பிரான்சின் பெர்னார் புரூன், எரிமலைக் குழம்பின் சூட்டில் வெந்த களிமண்ணில் இதற்கான தடயத்தைக் கண்டார். 1929இல் ஜப்பானின் மொத்தோனோரி மத்துயாமா, எதிர்த்திசையில் காந்தமேறிய எரிமலைப் பாறைகள் குறிப்பிட்ட ஒரு பழங்காலத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். ஆனாலும் அறிவியல் உலகம் நெடுங்காலம் தயங்கியது. தயக்கத்துக்கு நியாயமும் இருந்தது. ஜப்பானின் ஹருணா மலைப் பாறை ஒன்று, சூடாறும்போது சுற்றியிருக்கும் புலத்துக்கு நேரெதிராகத் தானே காந்தமேறுவதை 1950களின் தொடக்கத்தில் ஆய்வகத்திலேயே கண்டார்கள். பாறைக்குள் இப்படி ஒரு வேலை நடக்குமானால், பூமியே புரண்டது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்ததில் ஆழ்கடல் சேற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அது தந்த சாட்சியம், பிற்பாடு எரிமலைப் பாறைகளின் காலக்கணக்கையே திருத்தும் அளவுக்கு உறுதியானது.

எரிமலை நினைத்தபோது கக்கும். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே பல்லாயிரம் ஆண்டுகள் எழுதாத பக்கமாகக் கிடக்கும். ஆழ்கடல் அப்படியல்ல. காற்றில் வந்த தூசி, களிமண், நுண்ணுயிர்களின் ஓடுகள் எல்லாம் இடைவிடாமல் இறங்கிப் படிகின்றன. கரையிலிருந்து வெகுதொலைவில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே அடுக்கு உயரும். அந்த வண்டலில் மேக்னடைட் எனும் இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்களும் உண்டு. கண்டப் பாறைகள் தேய்ந்து வந்தவை சில. தம் உடலுக்குள்ளேயே காந்தத் துகள் வளர்க்கும் பாக்டீரியாக்கள் விட்டுச்சென்றவை சில. ஈரச் சேற்றில் இவை அன்றைய புலத்தின் திசைக்கு ஓரளவு இசைந்து நிற்கும். மேலே பாரம் ஏற ஏற, நீர் வெளியேறிச் சேறு இறுகும்; துகள்கள் அந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும்.

குழாயை இறக்கிச் சேற்றுத் தண்டை மேலே எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. குழாய் இறங்கும்போது எப்படிச் சுழன்றது என்று தெரியாததால், தண்டின் எந்தப் பக்கம் வடக்கு என்று சொல்ல முடியாது. எஞ்சுவது சாய்வு மட்டும்: புலம் கீழ்நோக்கிப் பாய்கிறதா, மேல்நோக்கி எழுகிறதா என்பது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் திருநெல்வேலிப் பக்கம் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக இருப்பதால், இப்படிப்பட்ட இடத்தில் எடுத்த தண்டு இந்தக் கேள்விக்கு உதவாது. துருவத்தை நெருங்க நெருங்கப் புலம் செங்குத்தாகும். அமெரிக்காவின் லாமோண்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த நீல் ஆப்டைக்கும் அவருடைய சகாக்களும் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடலின் தண்டுகளை ஆராய்ந்ததில் இருந்த அனுகூலம் இதுதான். 1966இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில், மேலிருந்து கீழாகக் காந்தத்திசை மாறிமாறி வந்த வரிசை, ஆலன் காக்ஸ், ரிச்சர்ட் டோல், பிரென்ட் டால்ரிம்பிள் ஆகியோர் எரிமலைப் பாறைகளுக்குப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் வயது கண்டு வகுத்த வரிசையோடு ஒத்துப்போனது. ஒருபோதும் உருகாத, சூடேறாத சேறும், உருகி ஆறிய பாறையும் ஒரே கதையைச் சொல்லும்போது, பாறை தானாகத் திரும்பியது என்ற விளக்கம் நிற்காது.

கடைசிப் புரளலின் காலத்தைக் கணித்த விதம் எனக்கு இதைவிட வியப்பூட்டுகிறது. நிக்கோலஸ் ஷாக்கிள்டனும் ஆப்டைக்கும் 1973இல் ஒரு பசிபிக் தண்டை ஆராய்ந்தபோது, அந்தப் புரளலுக்கு 7 லட்சம் ஆண்டு என்ற எரிமலைக் கணக்கையே ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அது 7,30,000 ஆனது. 1990இல் ஷாக்கிள்டன், பெர்கர், பெல்டியர் மூவரும் கிழக்குப் பசிபிக்கின் வண்டலில் இருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் ஏற்ற இறக்கத்தை, பூமியின் சுற்றுப்பாதையும் அச்சும் மாறும் சுழற்சிகளோடு பொருத்தி, 7,80,000 என்றார்கள். வானியல் கணக்குக்கு ஏற்றபடி சேற்றை இழுத்துப் பொருத்திவிட்டார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பே. பொருத்திப் பார்க்கும் முறையில் அந்த அபாயம் நிஜமாகவே உண்டு. ஆனால் பொருத்தலுக்குச் சம்பந்தமே இல்லாத புதிய ஆர்கான்-ஆர்கான் முறையில் எரிமலைப் பாறைகளுக்கு மறுபடி வயது கண்டபோது, அவையும் 7,80,000 அருகே வந்து நின்றன. இன்று இது மேலும் செப்பமடைந்து சுமார் 7,73,000 ஆண்டு என்று கணிக்கப்படுகிறது. இந்தப் புரளலைப் பதித்து வைத்திருக்கும் ஜப்பானின் சிபா படிவுகளின் பெயரிலேயே, 2020இல் புவியியல் காலப்பகுதி ஒன்றுக்குப் பெயரும் சூட்டப்பட்டது.

சேறு மங்கலான சாட்சி என்பார்கள். உண்மைதான். புழுக்கள் அடுக்குகளைக் கிளறும். துகள்கள் சில சென்டிமீட்டர் ஆழம் போன பிறகே இறுகும். அதற்குள் பல நூறு, சில இடங்களில் பல ஆயிரம் ஆண்டுகளின் பதிவு ஒன்றோடொன்று கலந்துவிடும். புலத்தின் வலிமையை அறிவது இன்னும் கடினம். 1993இல் வாலேயும் மேனாதியேயும் நாற்பது லட்சம் ஆண்டு வண்டலிலிருந்து, ஒவ்வொரு புரளலுக்குப் பின்னும் புலம் சட்டென்று வலுத்து, அடுத்ததுவரை மெல்லத் தேய்வதாகக் காட்டினார்கள். அந்தத் தேய்மானம், சேறு தாமதமாகக் காந்தமேறுவதால் வந்த தோற்றமாக இருக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது என்றே நினைக்கிறேன். வலிமை குறைந்தது என்பதற்கு மட்டும் தனிச் சாட்சி உண்டு: புலம் நலியும்போது அண்டக்கதிர்கள் அதிகம் நுழைந்து, வளிமண்டலத்தில் பெரிலியம்-10 கூடுதலாக உருவாகும். அது வண்டலிலும் துருவப் பனியிலும் படியும். சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் புலம் மிகவும் நலிந்து, திசை தடுமாறி, பழைய நிலைக்கே திரும்பியதை இரண்டும் சேர்ந்தே உறுதிசெய்கின்றன.

1840களிலிருந்து காந்தப்புலத்தின் இருமுனைப் பகுதி ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்திருப்பதால், அடுத்த புரளல் வாசலில் நிற்கிறது என்ற பரபரப்பு அவ்வப்போது கிளம்புகிறது. சேற்றின் பதிவு இதை ஆதரிக்கவில்லை. கடைசிப் புரளலுக்குப் பிறகு புலம் பலமுறை நலிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் புரளாமலே மீண்டும் வலுத்திருக்கிறது. புரண்டபோதும் அது ஓரிரவில் நடந்ததில்லை. பிராட்ஃபோர்ட் கிளெமென்ட் 2004இல் கடைசி நான்கு புரளல்களின் வண்டல் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், திசை மாறி முடிய சராசரியாக 7,000 ஆண்டு பிடித்திருந்தது. நடுக்கோட்டுக்கு அருகே அந்தக் காலம் குறைவு, துருவங்களின் பக்கம் அதிகம்.