ஒலிக்கு ஒரு நடுகல்

பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. மன்னன் பிறந்தநாளைப் போற்றும் பெருமங்கலத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் குறிப்பிடுகின்றது. மறைந்த வீரனை மறவாதிருக்க நடுகல் நட்டவரும் நம் முன்னோரே. நம் போளூருக்கு அண்மையிலுள்ள செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டும் ஊரும் வீரனின் பெயரும் அவன் மாய்ந்த பூசலும் பொறிக்கப் பெற்றுள்ளன. ஆள் மறைந்தும் செய்தி நின்றது. ஆனால், ஒலித்த கணமே காற்றில் கரையும் குரலுக்கு நடுகல் உண்டா? 2025ஆம் ஆண்டில் நிறைவுற்ற மூன்று நினைவாண்டுகள் இவ்வினாவை நம்முள் எழுப்பின.

முதலாவது, இலங்கை வானொலியின் நூற்றாண்டு. எட்வர்டு ஹார்ப்பர் என்னும் பொறியாளரின் முயற்சியால் கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையாக ஒலிபரப்பத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்கென அத்தீவில் நிறுவப்பெற்ற ஆற்றல்மிகு ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. கடல் கடந்து தமிழகமெங்கும் அதன் குரல் கேட்டமைக்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் நாட்டிலேயே இருந்தது. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய இடம் பெரிதும் சுருங்கியது. நேயர்கள் இலங்கையை நாடினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கப் பெற்றமைக்கு இதுவும் ஒரு தூண்டுதலாயிற்று.

பாடலுக்காக வானொலியை நாடியவர்க்குத் தமிழும் உடன் கிடைத்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்களின் தெளிந்த உச்சரிப்பு, பள்ளி வாயிலை மிதியாதாரையும் மாணாக்கராக்கியது. அப்துல் ஹமீத் வழிநடத்திய பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியில், கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலை நொடிப்பொழுதில் நினைவுகூர வேண்டும். நினைவாற்றலையும் எழுத்துணர்வையும் ஒருங்கே வளர்த்த விளையாட்டு அது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை நாம் வகுப்பறையில் கரும்பலகை கொண்டு விளக்குகிறோம். அவர்கள் பேசியே விளக்கினர்.

இரண்டாவது, இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபாவின் நூற்றாண்டு. கொழும்பு வானொலி தொடங்கிய ஒன்பதாம் நாள், 1925 டிசம்பர் 25 அன்று, இராமநாதபுரத்தில் அவர் பிறந்தார். முறையாக இசை பயிலாதவர் எனினும், மீலாது மேடை, திருமண இல்லம், திராவிட இயக்க மாநாடு ஆகிய மூவிடத்தும் அவர் குரல் முழங்கியது. 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராசனுடன் இணைந்து பாடினார். சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் பணியாற்றி, 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார்.

இசை குறித்து நம் சமுதாயப் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சொல்லளவில் நோக்குவோர்க்கும் அவர் பாடல்கள் இலக்கியச் செல்வமே. முனாசாத்து, கிஸ்ஸா, நாமா, மசலா என வளர்ந்த இசுலாமியத் தமிழ் மரபை ஏடறியாத எளியோரிடமும் அக்குரல் கொண்டு சேர்த்தது. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவரது பெரும்புகழ்ப் பாடலைச் சமய வேறுபாடின்றித் தமிழ் மக்கள் தமதாக்கிக் கொண்டனர்.

மூன்றாவது, சென்னைத் தொலைக்காட்சியின் பொன்விழா. 1959இல் தில்லியில் அரும்பிய தொலைக்காட்சி, 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைக்கு வந்தது. ஆயினும் போளூர் போன்ற ஊர்களுக்கு அது உடனே எட்டவில்லை. சிற்றலை வானொலி மேல்வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். தொலைக்காட்சி அலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. நிலவுருண்டையின் வளைவும் மலையும் அதனை மறிக்கும். சென்னையிலிருந்து நம் ஊர் நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஆதலால் கூரைமேல் நெடுங்கம்பம் நட்டு, ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் காட்சி தேடிய காலம் ஒன்றிருந்தது. வெள்ளிதோறும் 'ஒலியும் ஒளியும்' தொடங்கும் வேளையில், தொலைக்காட்சிப் பெட்டியுள்ள ஒரு வீட்டில் தெருவே கூடியது. அந்நிலையம் 2000இல் 'பொதிகை' எனவும், 2024இல் 'டிடி தமிழ்' எனவும் பெயர் பெற்றது.

இம்மூன்றையும் போற்றும்போது ஓர் இழப்பையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்நாளில் நேரடியாக ஒலிபரப்பானவற்றுள் பல பதிவு செய்யப் பெறவேயில்லை. பதிவானவையோ ஒலிநாடாவில் பூசணம் படர்ந்தும் காந்தப் பூச்சு உதிர்ந்தும் அழிகின்றன. அதனினும் பெரிய இழப்பு பெயரிழப்பு. நோன்புக்கால இரவுகளில் கேட்ட பாடல்கள் சிலவற்றை எழுதியவர் யார் என நம் மாணவரிடம் வினவினோம். அனைவரும் ஹனிபா என்றனர். அவர் பாடியவர். கையேந்தும் பாடலை எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம். நாகூர்ப் புலவர் ஆபிதீனும் அவருக்குப் பாடல்கள் எழுதித் தந்தவரே. குரல் நிலைத்தது, சொல் தந்தவர் பெயர் மங்கியது. ஓலைச்சுவடிகளில் ஆசிரியர் பெயர் சிதைந்ததை எண்ணி வருந்தும் நாம், நம் கண்முன்னே அதே பிழை நிகழ இடங்கொடுத்தல் தகுமா?

ஆகவே மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். உங்கள் இல்லத்துப் பரணிலுள்ள ஒலிநாடாக்களையும் இசைத்தட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பாடலின் பெயர், எழுதியவர், பாடியவர், ஆண்டு ஆகியவற்றை ஓர் ஏட்டில் குறியுங்கள். அறியாதவற்றைப் பெரியோரிடம் கேளுங்கள். சமுதாயப் பெரியோர்க்கு எம் வேண்டுகோளும் ஒன்றுண்டு: உங்கள் நினைவிலுள்ள பெயர்களை இளையோர்க்குச் சொல்லுங்கள், அவை உங்களோடு முடிந்துவிடலாகாது. பொறியாத பெயரை எந்த நடுகல்லும் காப்பதில்லை. விழா எடுப்பது ஒருநாட் கடமை. பெயரைப் பொறித்து வைப்பதோ வழிவழி நிற்கும் அறம்.