ஒரு வாரம் கப்பலில் போனால் வரும் கிராமம்!

வகுப்பில் உலக உருண்டை இருந்தால் எடுத்து மேசை மேல் வையுங்கள், குழந்தைகளே. ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் பக்கத்தில் கேப் டவுன் நகரம் தெரிகிறதா? அதன் மேல் விரலை வைத்து, அப்படியே மேற்கே, தென் அமெரிக்காவை நோக்கி நகர்த்துங்கள். முழுக்க நீலம்தான். பாதி வழி வருவதற்குள் ஊசி குத்தியது போல் ஒரு புள்ளி இருக்கும். சில உருண்டைகளில் அதுவும் இருக்காது. அதுதான் டிரிஸ்டன் ட குன்ஹா தீவு.

கேப் டவுனிலிருந்து சுமார் 2,800 கிலோ மீட்டர். விமான நிலையம் கிடையாது. கப்பலில்தான் போக வேண்டும்; கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். ஆண்டுக்குச் சில தடவைதான் கப்பல். பக்கத்து ஊர் என்று பார்த்தால் வடக்கே 2,400 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் செயின்ட் ஹெலினா தீவு! உலகத்திலேயே மற்ற மனிதர்களிடமிருந்து மிகவும் தள்ளி இருக்கும் கிராமம் இதுதான் என்கிறார்கள். மக்கள் தொகை 250-க்கும் குறைவு. நான் வேலை பார்த்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும் சேர்த்தால் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

தீவு என்பது கடலிலிருந்து எழுந்த ஓர் எரிமலைதான். உயரம் 2,062 மீட்டர். சுற்றிலும் செங்குத்தான பாறை. வடமேற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் சமதளம் உண்டு. அங்கேதான் ஊர். அதன் பெயர் 'ஏழு கடல்களின் எடின்பரோ'. ஊரே இத்தனூண்டு, பெயர் மட்டும் எவ்வளவு நீளம் பாருங்கள்! 1867-ம் ஆண்டு எடின்பரோ கோமகன் அங்கே வந்து போனதன் நினைவாக வைத்தார்கள். தீவுக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'குடியிருப்பு' என்பதோடு சரி.

1506-ல் போர்ச்சுகீசிய மாலுமி ஒருவர் இந்தத் தீவைக் கண்டார். கரை இறங்கவில்லை, பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். 1816-ல் பிரிட்டிஷ் படை வந்தது. நெப்போலியன் அப்போது செயின்ட் ஹெலினாவில் சிறை வைக்கப்பட்டிருந்தார் அல்லவா? அவரை மீட்க யாரும் இந்த வழியாக வந்துவிடக் கூடாது என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். மறு வருடமே படை திரும்பியபோது, வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், "நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்று மனைவி, குழந்தைகளோடு தங்கிவிட்டார். கூட இருந்தவர்களோடு அவர் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொண்டார்: பொருள்கள் எல்லாருக்கும் சமம், யாரும் யாருக்கும் மேல் இல்லை. இன்றைக்கும் அங்கே நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, ஊருக்குப் பொது. வெளியாள் எவரும் ஓர் அடி இடம்கூட வாங்க முடியாது.

1892-ல் ஓர் இத்தாலியக் கப்பல் உடைந்து, இரண்டு மாலுமிகள் அங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய ரெப்பெட்டோ, லவரெல்லோ என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் தீவில் இருக்கின்றன. மொத்தத் தீவுக்கும் குடும்பப் பெயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆஜர் எடுக்கும் ஆசிரியருக்குச் சிரமம்தான்!

இனி 1961-க்கு வருவோம். அந்த ஆண்டு ஆகஸ்டில் நிலம் அதிரத் தொடங்கியது. நாளுக்கு நாள் அதிகமானது. அக்டோபரில் ஊருக்கு மிக அருகிலேயே தரை புடைத்து, பிளந்து, நெருப்புக் குழம்பு வெளிவந்தது. அக்டோபர் 10-ந் தேதி எல்லாரும் படகில் ஏறினார்கள். கிழவர்கள், கைக்குழந்தைகள் உட்பட 264 பேர். பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு குட்டித் தீவில் இரவைக் கழித்து, பிறகு கப்பலில் கேப் டவுன் போய், அங்கிருந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கிலாந்தில் வீடு கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள். பஸ், டெலிவிஷன், கடைத்தெரு எல்லாம் இருந்தன. ஆனால் அவர்கள் உடம்பு அந்த ஊர்ச் சளி, காய்ச்சலுக்குப் பழகியதில்லை. வயதானவர்கள் சிலர் இறந்து போனார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குவதும், தெருவில் போகிறவர் முகம் தெரியாமல் நடப்பதும் அவர்களுக்குப் புதிது.

எரிமலை அடங்கிவிட்டது, ஊர் வீடுகள் பெரும்பாலும் தப்பிவிட்டன என்று செய்தி வந்தது. மீன் தொழிற்சாலையும் படகு இறங்கும் கடற்கரையும் மட்டும் குழம்புக்கு அடியில் போய்விட்டன. அரசாங்கம் தயங்கியது. 1962 டிசம்பரில் தீவு மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். திரும்பிப் போக வேண்டும் என்றவர்கள் 148 பேர். வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்தே ஐந்து பேர்! 1963-ல் ஊர் திரும்பினார்கள். (பிற்பாடு சில குடும்பங்கள் மறுபடியும் இங்கிலாந்துக்கே போனதும் உண்டு. அதையும் சொல்லத்தானே வேண்டும்?)

இன்றைக்கு அங்கே வாழ்க்கை எப்படி? ஒவ்வொரு வீட்டுக்கும் உருளைக்கிழங்குத் தோட்டம் உண்டு. ஊரிலிருந்து மூன்று கிலோ மீட்டர் போக வேண்டும். காற்றுக்குத் தடுப்பாகச் சுற்றிக் கல் சுவர். 1946-ல் தபால்தலைக்கு ஒரு மாதிரி தயாரித்தபோது, 'ஒரு பென்னி அல்லது நான்கு உருளைக்கிழங்கு' என்று அதில் விலை போட்டார்களாம்! ஆடு, மாடு ஒரு வீட்டுக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு. இல்லாவிட்டால் புல் தீர்ந்து போகும்.

பணம் வருவது முக்கியமாகச் சிங்கி இறாலில். கடல் அமைதியாக இருக்கும் நாளில், விடியற்காலையில் தொங்கவிட்டிருக்கும் பழைய இரும்பு உருளையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் 'இன்று மீன்பிடி நாள்' என்று அர்த்தம். துறைமுகம் மிகச் சிறியது. பெரிய கப்பல் தள்ளி நிற்கும். சரக்கும் ஆளும் சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். அலை ஓயாவிட்டால், கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் கப்பலிலேயே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

2011 மார்ச்சில் ஒரு சரக்குக் கப்பல் பக்கத்துத் தீவில் மோதி உடைந்து எண்ணெய் கொட்டியது. கண்ணுக்கு மேல் மஞ்சள் சிறகு நீட்டிக்கொண்டிருக்கும் பென்குவின்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. எண்ணெயில் நனைந்த சுமார் 3,700 பென்குவின்களைத் தீவுக்காரர்கள் படகில் கொண்டு வந்து, கழுவி, மீன் ஊட்டினார்கள். ஊர்ப் பிள்ளைகள் குளிக்கும் நீச்சல் குளத்தையும் பென்குவின்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் பத்தில் ஒன்றுதான் பிழைத்துக் கடலுக்குத் திரும்பியது. 2020-ல், தங்களைச் சுற்றி 6,87,000 சதுர கிலோ மீட்டருக்கு மேல் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு!

ஒரு சின்ன மருத்துவமனை இருக்கிறது. பெரிய வியாதி என்றால் கப்பல் வரும் வரை காத்திருந்து கேப் டவுன் போக வேண்டும். பள்ளிக்கூடமும் ஒன்றுதான். ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேர் இருந்தாலே அதிகம்! பதினாறு வயது வரை அங்கே படிக்கலாம். மேலே படிக்க வேண்டுமானால் இங்கிலாந்து போன்ற தூர தேசம் போக வேண்டும்.

இதுதான் தீவுப் பெரியவர்களின் இப்போதைய கவலை. வயதானவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள், தொட்டில்கள் குறைந்துகொண்டே வருகின்றன. படிக்கப் போன பிள்ளை திரும்பாவிட்டால் நாளைக்குப் படகை யார் தள்ளுவது, தோட்டத்தில் யார் கிழங்கு நடுவது? படிக்காதே என்று சொல்லவும் முடியாது. நர்ஸும் ஆசிரியரும் எலக்ட்ரீஷியனும் ஊருக்கு வேண்டுமே! போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். போன இடத்திலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

உங்களுக்கும் அந்தத் தீவைப் பார்க்க ஆசை வந்துவிட்டதா? நினைத்தவுடன் போய் இறங்கிவிட முடியாது. முதலில் தீவு சபைக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு கப்பலில் இடம் கிடைக்க வேண்டும். இடம் கிடைத்த பிறகு கடல் அமைதியாக இருக்க வேண்டும்!