பெட்டிக்குள் தேனீக்கள்!

எலெக்ட்ரிக் கிட்டாரை அப்படியே மீட்டினால் 'டிங்... டிங்...' என்று மெலிதாகத்தான் கேட்கும். தந்தி அதிர்வதை, அதன் அடியில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக மாற்றும். அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால்தான் இசை. போகிற வழியிலேயே அந்த ஒலியை உறும வைக்கலாம், எதிரொலிக்க வைக்கலாம். அதற்கெல்லாம் தனித்தனியாகப் பெடல்கள் உண்டு. ஒவ்வொன்றாக வாங்கினால் அப்பா பர்ஸ் காலி! அதனால் எல்லா வித்தையையும் அடக்கி வந்ததுதான் 'மல்டி எஃபெக்ட்ஸ்' பெட்டி.

என் அக்கா மகன், உண்டியல் காசையும் சேர்த்து, விலை குறைந்த பெட்டி ஒன்றை வாங்கினான். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் மாட்டி மீட்டினால்... தகர டப்பாவுக்குள் தேனீக்கள் புகுந்த மாதிரி ஒரு சத்தம்! "ஏமாந்துட்டேன் மாமா" என்று கண் கலங்கிவிட்டான்.

பாவம், பெட்டி மேல் தப்பே இல்லை. கிட்டாருக்கான பெரிய ஸ்பீக்கர், நொடிக்குச் சுமார் 5,000 முறைக்கு மேல் அதிரும் கீச்சு ஒலிகளைப் பெரும்பாலும் அமுக்கிவிடும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் ஹெட்போனும் அப்படியே வெளியே விட்டுவிடும். அந்தக் கீச்சுதான் தேனீ! பல பெட்டிகளில் 'கேபினட்' என்று ஒரு வசதி இருக்கும். அதை இயக்கினால் கீச்சை வடிகட்டிவிடும். நிஜ கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் மாட்டும்போது மட்டும் பெரும்பாலும் அது தேவைப்படாது.

அடுத்து, 'கெயின்' குமிழ். உறுமலைக் கூட்டுவது இதுதான். இந்த உறுமலைப் பற்றி ஒரு கதை தெரியுமா? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸின் பாட்டைப் பதிவு செய்தபோது ஒலிப்பதிவுக் கருவியில் ஒரு கோளாறு. கிரேடி மார்ட்டின் வாசித்த கிட்டார் கரகரவென உறுமியது. நல்லாயிருக்கே என்று அப்படியே விட்டுவிட்டார்கள்! அதே கரகரப்பைத் தரும் பெடல் 1962-ல் கடைக்கு வந்தது.

கெயின் சாம்பாருக்கு உப்பு மாதிரி. நம்ம பையன் முழுதாகத் திருகி வைத்திருந்தான். பாதியாகக் குறைத்ததும், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது.

வரிசையும் முக்கியம். முதலில் உறுமல், பிறகுதான் எதிரொலி. மாற்றி வைத்தால், எதிரொலிகளும் சேர்ந்து உறுமி ஒரே குழப்பம்தான்.

'டிலே' என்ற இடத்தில் 100 மில்லி நொடி என்று வைத்தால் என்ன அர்த்தம்? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியானால், 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மோதித் திரும்புகிற எதிரொலி அது. 400 என்று வைத்தால் சுவர் எவ்வளவு தூரம்? கணக்குப் போடுங்கள் பார்ப்போம்!

கம்பெனியே போட்டு அனுப்பும் ஒலிகளில் எல்லாமே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெறும் கிட்டாரில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஹெட்போன் மாட்டும் முன் வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, மெதுவாகக் கூட்டுங்கள். காது பத்திரம்!

அக்கா மகன் இப்போது பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே எடுப்பதில்லை. பாட்டிதான், "சீரியல் முடியட்டும்டா, அப்புறம் வாசி" என்கிறார்.