இடக்கை பயிலும் கல்வி

அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்றொரு பெயருண்டு. இடக்கையாலும் அம்பெய்ய வல்லவன் என்பது அதன் பொருள். வில்லேந்தாத நமக்கு அத்திறன் எதற்கு என்றிருந்தேன், வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுடன் இருக்க நேரும்வரை.

சட்டைத் தெறி பூட்டுதலும் பல் துலக்குதலும் இரண்டொரு வாரத்திற் கைவந்தன. விருந்தொன்றிற் சோற்றை இடக்கையால் தொட மனம் ஒருப்படாது கரண்டி கேட்டு வாங்கினேன். எழுத்துத்தான் இணங்கவில்லை. கரும்பலகையிற் சரிந்து கிடந்த என் ககரத்தைக் கண்டு மாணவர் சிரிப்பை அடக்க முயன்றதை மறந்திலேன்.

இதற்குக் காரணம் யாது? வலக்கையைப் பெரும்பாலும் மூளையின் இடப்பாதியும், இடக்கையை வலப்பாதியும் இயக்குகின்றன. எழுத்தின் வடிவத்தை மூளை அறியும். அவ்வடிவத்தை இடக்கைத் தசைகளுக்கேற்ற ஏவல்களாக்கும் பழக்கமே அதற்கில்லை. இரு கைகளும் கண்ணாடியும் நிழலும் போல அமைந்தவையாதலின், பயிலாத இடக்கை சிலவேளை எழுத்தைப் புரட்டியும் எழுதும். இரு கைகளாலும் ஒருங்கே எழுதிப் பார்ப்போர் இதனை உணர்வர். எனினும் இடக்கையைப் பேதை என்றல் பொருந்தாது. வீணையிலே கமகம் பிடிப்பது அதுவன்றோ? காயரியும்போது விரல் வெட்டுண்ணாமற் காயை நகர்த்திக் கொடுப்பதும் அதுவே. பிடித்தலில் அது தேர்ந்த கை. தீட்டுதலே அதற்குப் புதிது.

ஆதலின் நாள்தோறும் பத்து நிமிடம், தாளின் தலைப்பை வலப்புறம் சற்றே சரித்து, பெரிய எழுத்துக்களாக எழுதிப் பழகினேன். விரைவு பிந்தியே வரும்.

காந்தியடிகள் 1909 நவம்பரில் இலண்டனிலிருந்து தென்னாபிரிக்காவுக்குக் கப்பலிற் செல்லுகையில் 'இந்திய சுயராச்சியம்' என்னும் நூலை எழுதினார். வலக்கை சோர்ந்தபோது இடக்கைக்கு மாறினார். கையெழுத்துப்படியின் 275 பக்கங்களில் 40 பக்கங்கள் இடக்கையால் எழுதப்பெற்றன. அங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி டாகாச்சின் வலக்கை 1938இற் கைக்குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடக்கையாற் சுடப் பயின்று, 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் போட்டிகளிற் பொற்பதக்கம் வென்றார்.

இவர்கள் தாமே முயன்று பயின்றோர். மாந்தரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இயல்பாகவே இடக்கையர். அத்தகைய சிறுவரை அதட்டி வலக்கைக்கு மாற்றிய ஆசிரியருள் யானும் ஒருவன். கட்டுடன் வகுப்பில் உலாவிய ஒருநாள், இடக்கையால் எழுதிக்கொண்டிருந்த சிறுவன் என்னைக் கண்டதும் பேனையைச் சட்டென வலக்கைக்கு மாற்றினான். பழையபடியே எழுதுமாறு கூறினேன். அவன் என் கட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தானேயன்றி, நான் அப்பாற் செல்லும்வரை எழுதவில்லை.